செருப்பு விடுற கல்

அந்தப் பெட்டியைக் கீழ வைங்க தம்பி. அட, கீழ வைங்க. எங்கிட்டு ஊத்துறதுன்னு தெரியாமத்தானே அதைத் தூக்கிக்கிட்டு இந்தப் பொட்டலைச் சுத்திச் சுத்தி வர்றீங்க? நானும் வண்டிக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். புது வண்டி, புதுப் பெட்டி, புது ஆளு. மொகத்துலயே தெரியுது. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. வீட்டை வண்டிக்குள்ள வச்சு ஓட்டுறவனுக்கெல்லாம் காலையில எந்திரிச்சதும் வர்ற முதல் கவலை இந்தக் கக்கூஸ் பெட்டிதான். ராத்திரி நட்சத்திரம் பாத்தது, நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடுனது எல்லாம் காலையில இந்தப் பெட்டிக்கு முன்னாடி மறந்து போயிரும்.

எடம் நான் காட்டுறேன். ஆனா இப்ப வேணாம், மேல வெறகு எடுக்குற ஆளுங்க ரெண்டு பேரு போயிருக்காங்க. அவுங்க எறங்கட்டும். அது வரைக்கும் இப்பிடி உக்காருங்க. முள்ளு கெடக்கும், பாத்து. எனக்குப் பரவால்ல, நான் வெறுங்கால்லயே நடந்து பழகிட்டேன். உங்க வீட்ல உள்ள டீ போடுறாங்களா? போடட்டும். எனக்குச் சீனி கொஞ்சமாப் போடச் சொல்லுங்க.

எம்பேரு இருதயராஜ். சொந்த ஊரு திண்டுக்கல்லு. வேதக்காரங்க. இந்த வண்டி என்னோடது இல்ல தம்பி, முதலாளி வாடகைக்கு விடுறாரு, நான் ஓட்டுறேன். ஓட்டுறது மட்டுமா? படுக்கை விரிக்கிறது, அடுப்புப் பத்த வைக்கிறது, தண்ணி ரொப்புறது, பெட்டியைக் காலி பண்றது, எல்லாம் நாந்தான். நேத்து வந்தவங்க அருவி பாக்கப் போயிருக்காங்க. வர மத்தியானம் ஆகும்.

ஒண்ணு சொல்றேன், நம்மகிட்ட சுத்தம் முக்கியம். அந்தா, வண்டிக்குப் பின்னாடி சாக்கு ஒண்ணு தொங்குது பாருங்க. அதுல இருக்கறது ஒண்ணுகூட என் வண்டியில இருந்து வந்த குப்பை இல்ல. சிப்ஸ் கவரு, தண்ணி பாட்டிலு, பீர் பாட்டிலு, புள்ளைங்களுக்கு மாட்டி விடுற பேம்பர்ஸு, எல்லாம் மத்தவன் போட்டுட்டுப் போனது. நான் போற எடத்துல எல்லாம் இதை ஒரு சாக்குல பொறுக்கி, கீழ எறங்கும்போது பேரூராட்சித் தொட்டியில போட்டுட்டுத்தான் போவேன். யாரும் எனக்குச் சொல்லல. முதலாளி இதுக்குச் சம்பளம் தர்றதில்ல. மலை நமக்கு எடம் குடுக்குது, அதை நாம அசிங்கம் பண்ணலாமா? என்ன சொல்றீங்க? அதான்.

இந்த மலைக்கு நான் வர ஆரம்பிச்சு இப்பத்தான் கொஞ்ச நாளு. முன்னாடி வழக்கமாப் போறது வேற மலை. அங்க வட்டச்சுனைன்னு ஒரு சின்ன ஊரு. காப்பித் தோட்டத்துல வேலை பாக்குற சனங்க. ஊருக்குப் பக்கத்துல ஒரு மட்டமான பொட்டலு, நாலு வண்டி தாராளமா நிக்கும். விடிஞ்சா மேகம் காலடியில கெடக்கும். வந்தவங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க, எனக்கு என்னமோ நானே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும். இப்ப அங்க போக முடியாது. பாதையில கல்லுத்தூணு நட்டுட்டாங்க. வண்டியைக் கண்டா ஊரே கதவைச் சாத்துது. நான் என்ன பாவம் பண்ணேன்? அதைத்தான் உங்ககிட்டச் சொல்றேன், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க.

அந்தப் பொட்டலுக்கு வர்ற வழியில சின்னத்தாயி டீக்கடை. தகரக் கொட்டாய், ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு. புருஷன் செத்து ரொம்ப வருசமாச்சு. ஒத்தைப் பொம்பளையா நின்னு மகளை வளத்துக் கட்டிக் குடுத்தது. என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடும். சும்மா கடைக்காரங்க கூப்பிடுற அண்ணே இல்ல தம்பி. எனக்குக் கூடப் பொறந்தது யாரும் கெடையாது, கல்யாணமும் வாய்க்கல. நான் வண்டியை நிறுத்துனதும் ஆரன் சத்தம் கேட்டே டீயைப் போட்டு வச்சிருக்கும். மழைன்னா வண்டிக்கே கொண்டாந்து குடுக்கும். நான் கீழருந்து வரும்போது அதுக்கு வெத்தலையும் திண்டுக்கல்லு பூட்டும் வாங்கிட்டுப் போவேன். பூட்டு எதுக்குன்னு சிரிக்கும். தகரக் கதவுக்கு எதுக்கண்ணே பூட்டும்பா. அப்பிடி ஒரு பழக்கம்.

இப்ப பெட்டி விசயத்துக்கு வர்றேன். வண்டியைக் கையில குடுக்கும்போது முதலாளி வகுப்பே எடுத்தாரு. கழிவைக் காட்டுல ஊத்தக்கூடாது, ஓடையில ஊத்தக்கூடாது, கீழ எறங்கி வந்து ஒழுங்கான கக்கூஸ் இருக்கற எடத்துல கேட்டு ஊத்தணும்னாரு. சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. நானும் முதல்ல அப்பிடித்தான் செஞ்சேன். அத்தனை வளைவும் எறங்கி வந்து ஒரு பெட்ரோல் பங்க்ல கேட்டேன். டீசல் போட்டுட்டுத்தான் கேட்டேன், சும்மா கேக்கல. அங்க இருந்தவன் பெட்டியைப் பாத்தான், என்னையப் பாத்தான். மூக்கைப் பொத்திக்கிட்டு, "ஊரான் வீட்டு இதைத் தூக்கிட்டு இங்க ஏன்யா வர்றே"ன்னு கேட்டான். பக்கத்துல குடும்பத்தோட கார்ல உக்காந்திருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு அம்பது வயசுக்கு மேல ஆச்சு தம்பி. இஸ்திரி போட்ட சட்டையில்லாம நான் வண்டி எடுத்ததில்ல. அன்னைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் திரும்ப வண்டிக்கு நடந்தேன் பாருங்க, அந்த நடை எனக்கு இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம் பெட்டியோட நான் கீழ எறங்கல. வட்டச்சுனையிலயே ஒரு நல்ல ஏற்பாடு பண்ணிக்கிட்டேன்.

ஊருக்கு மேல ஒரு கல்லு இருக்கு. இடுப்பு உசரம் இருக்கும், மஞ்சப் பூசி வச்சிருப்பாங்க. அந்தக் கல்லுக்கு மேல யாரும் செருப்புப் போட்டுப் போக மாட்டாங்க. எச்சி துப்ப மாட்டாங்க, ஆடு மாடு ஏத்த மாட்டாங்க. வெளிக்குப் போறதா இருந்தா, கெழடு கட்டையில இருந்து சின்னப் புள்ளை வரைக்கும் ஊருக்குக் கீழ்ப்பக்கம்தான் போகணும். ராத்திரி மழையா இருந்தாலும் கீழதான். ஏன்னு கேட்டா, மேல அம்மா குடியிருக்கா, அவளுக்கு ஆகாதும்பாங்க. அவ்வளவுதான் சொல்லத் தெரியும். நான் வேதக்காரன், எனக்கென்ன அந்தக் கட்டுன்னு நான் நெனைக்கல. யாரு சாமியா இருந்தா என்ன, மதிக்கணும். கல்லுக்கிட்ட போனதும் செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் ஏறுவேன். ஒரு நாள்கூடச் செருப்போட ஏறுனதில்ல. யாரை வேணா கேட்டுப் பாருங்க.

யாரும் வராத எடம் தம்பி, எனக்கு அது வசதியாப் போச்சு. வெள்ளன, ஊரு எந்திரிக்குறதுக்கு முன்னாடி, ஒரு கையில பெட்டி ஒரு கையில மம்பட்டி. கல்லுல செருப்பு. அம்மா இருக்கற கல்லுக்கிட்டயே ஊத்துனா அது தப்பு. நான் ரொம்ப மேல போயிருவேன். குழி தோண்டி, ஊத்தி, மண்ணைத் தள்ளி, மேல எலையைப் பரப்பிட்டா ஒரு வாடை கெடையாது. பெட்டிக்குள்ள ஊத்தி வைக்கிற நீல மருந்து வேற சேந்திருக்கா, பூ வாசந்தான் வரும். டென்ட் போட வர்ற பசங்க மாதிரி கையில பாட்டிலைத் தூக்கிக்கிட்டுக் கண்ட புதருக்குள்ளயும் ஒதுங்குற வேலையெல்லாம் நம்மகிட்ட கெடையாது.

தண்ணியா? தண்ணி சுனையில இருந்து. சுனை கல்லுக்குக் கீழ இருக்கு. பாறை இடுக்குல இருந்து கசிஞ்சு வரும், அங்க ஒரு தொட்டி கட்டி, கறுப்பு ஹோஸ் போட்டு ஊருக்குள்ள கொண்டாந்திருந்தாங்க. கோடையிலயும் வத்தாது. ஐஸ் மாதிரி இருக்கும். அந்தச் சுனைக்கிட்ட நான் கையைக்கூடக் கழுவுனதில்ல தம்பி. சுனை கீழ, நான் போனது மேல. சுனைப் பக்கமே நான் போகல.

சின்னத்தாயி மக கோகிலா. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருந்தது, மாப்பிள்ளை பனியன் கம்பெனியில வேலை. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்புப் போட்டு மலைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. வெய்ய காலம், திருப்பூர்ல ஒத்த ரூம்பு, கேன் தண்ணி. இங்க வந்து ரெண்டு மாசம் நல்ல காத்து, நல்ல தண்ணின்னு இருக்கட்டுமேன்னு சின்னத்தாயிக்கு ஆசை. அந்தப் புள்ள ரொம்பப் பேசாது. ஆனா என்கிட்ட நல்லாப் பேசும். மாமான்னு கூப்பிடும். வயித்தைத் தூக்கிக்கிட்டு வந்து வண்டியைச் சுத்திச் சுத்திப் பாக்கும். உள்ள அடுப்பு எங்க, படுக்கை எங்க, ஜன்னலுக்குத் திரை இருக்கான்னு கேக்கும். ஏறிப் பாரும்மான்னா, வேணாம் மாமா, படி உசரமா இருக்குன்னு கூச்சப்படும்.

நான் அதுக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தேன். புள்ளை பொறந்ததும் தாயையும் புள்ளையையும் இந்த வண்டியிலதான் திருப்பூர்ல கொண்டுபோய் விடுவேன், முதலாளிகிட்ட ஒரு நாள் கேட்டு வாங்குறேன்னேன். அதைச் சொன்னதும் அது மொகத்தைப் பாக்கணுமே. அன்னையில இருந்து வண்டியை எங்க வண்டி எங்க வண்டின்னே சொல்லும். வெயிலுக்கு நாக்கு வறளுதுன்னு சொன்னா நாந்தான் சொல்வேன், நல்லாக் குடிம்மா, இந்தத் தண்ணி கீழ காசு குடுத்தாலும் கெடைக்காதுன்னு. சொம்பை நானே மொண்டு குடுத்திருக்கேன்.

ஒரு விசயம் சொன்னாச் சிரிப்பீங்க. நான் வெள்ளன மேல போயிட்டு வர்றது சின்னத்தாயிக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுப்புப் பத்த வைக்க அதுவும் வெள்ளன எந்திரிக்குமா, கடை வாசல்ல நின்னா கல்லு தெரியும், கல்லுக்கிட்ட என் செருப்புத் தெரியும். ஆளு தெரியாது. அது என்ன நெனைச்சிருச்சுன்னா, நான் மேல போயி அம்மனைக் கும்பிடுறேன்னு நெனைச்சிருச்சு. கோகிலாவுக்குப் பிரசவம் நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டுப் போறேனாம். வேதக்காரரா இருந்தாலும் நம்ம புள்ளைக்காக வெறுங்கால்ல ஏறுறாருன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு. என்கிட்ட நேர்ல கேக்கல. ஆனா அதுல இருந்து டீயோட ஒரு வடையும் சேத்து வைக்கும், காசு வாங்காது. நான் இல்லன்னு சொல்லல. மனசு நெறைஞ்சு ஒருத்தி ஒண்ணை நம்புறா, அதை எதுக்குப் போய்க் கெடுக்கணும்? அதுவும் இல்லாம, மேல நிக்கும்போது ரெண்டொரு தரம் நான் அந்தப் புள்ளைக்காக மாதாவை நெனைச்சதும் உண்டு. பொய்யின்னு சொல்ல முடியாது.

சித்திரையில ஒரு புருஷன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போனேன். வடக்க எங்கயோ சுத்திட்டு வந்தவங்க. மலை ஏறுன மறுநாளே அந்தாளுக்குக் காய்ச்சல். சோத்தைக் கண்டாலே கொமட்டல், வாந்தி, வயித்தால போக்கு. எறங்கிருவோம் சார்னேன். வேணாம், பயணம் ஒத்துக்கல, படுத்தாச் சரியாயிரும்னுட்டாரு. தங்கிட்டாங்க. பாவம், வண்டிக்குள்ளயேதான் கெடந்தாரு. பெட்டி பாதி நாள்ல ரொம்பிரும். காலையில ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம்னு தூக்கிட்டு ஏறுனேன். முகம் சுளிக்கல. சீக்காளிக்குச் செய்யறது புண்ணியம். சின்னத்தாயி அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்து விட்டுச்சு, மொகம் தெரியாத ஆளுக்கு. கோகிலா உப்பும் நார்த்தங்காயும் வச்சு மூடித் தட்டைக் கையில குடுத்தது எனக்கு இப்பவும் கண்ணுலயே நிக்குது.

ஊருக்குப் போனப்புறம் அந்தம்மா ஃபோன் போட்டாங்க. மஞ்சக்காமாலையாம். இப்ப நல்லாயிட்டாராம். வண்டியை மருந்து போட்டுக் கழுவுங்கன்னு டாக்டரு சொன்னதைச் சொன்னாங்க. நான் சொன்னேனே, நம்மகிட்ட சுத்தம் முக்கியம். படுக்கை, தரை, கைப்பிடி, பெட்டி, ஒண்ணு விடாம ரெண்டு தரம் கழுவுனேன். அடுத்து வர்றவங்களுக்கு ஒண்ணும் ஆகிறக்கூடாதில்ல. ஆகல. ஒருத்தருக்கும் ஆகல தம்பி, வண்டியில வந்த ஒருத்தருக்கும் ஆகல.

அப்புறம் கோடை மழை. நல்ல மழை, மேல இருந்து தண்ணி ஓடையா எறங்குச்சு. சுனை ரொம்பி வழிஞ்சுது. சனங்களுக்கெல்லாம் சந்தோசம்.

கொஞ்ச நாள் கழிச்சு நான் போனப்ப ஊருக்குள்ள சத்தமே இல்ல. வீட்டுக்கு ஒருத்தராவது படுத்திருந்தாங்க. காய்ச்சலு, வாந்தி, கண்ணு மஞ்சளு. கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறாங்க, வேப்பிலை கட்டியிருக்காங்க. ஆம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும் போட்டுப் பாத்துட்டு விட்டிருச்சு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுட்டாங்க. கோகிலாவுக்கு விடல. வயித்துப் புள்ளைக்காரங்களுக்கு அந்தக் காமாலை வந்தா ரொம்பப் பொல்லாததாம், பின்னாடி ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எனக்கு அப்பத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

நான் போன அன்னைக்கு அந்தப் புள்ளை நெனவு தப்பித் தப்பி வந்துக்கிட்டு இருந்துச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அது பாதி மலையில பழுதாகி நிக்குது. நான் யோசிக்கல. வந்தவங்களை எறக்கி பெஞ்சுல உக்கார வச்சுட்டு, கோகிலாவைத் தூக்கிட்டு வாங்கன்னேன். நாலு பேரு தூக்கி அந்தப் படுக்கையில படுக்க வச்சாங்க. அந்தா, ஜன்னலுக்குக் கீழ இருக்கே, அதே படுக்கை. சின்னத்தாயி தலைமாட்டுல உக்காந்துச்சு. ஃபேனைப் போட்டேன். திரையை இழுத்து விட்டேன்.

மூணாவது வளைவோ நாலாவது வளைவோ, நெனவு வந்து கண்ணை முழிச்சுப் பாத்துச்சு. சுத்திப் பாத்துச்சு. "மாமா, எங்க வண்டியா இது, வீடு மாதிரியே இருக்கு"ன்னுச்சு. நான் கண்ணாடியில பாத்து ஆமாம்மான்னேன். அதுக்கப்புறம் அது பேசல. குலுங்காம ஓட்டணும், சீக்கிரமும் போகணும். நான் இத்தனை வருசம் ஸ்டியரிங் புடிச்சதுல அன்னைக்கு மாதிரி ஓட்டுனதில்ல. கீழ ஆஸ்பத்திரியில பாத்துட்டு மதுரைக்குப் போகச் சொன்னாங்க. மதுரையில புள்ளை முதல்ல போச்சு. பொம்பளைப் புள்ளை. விடிஞ்சு கோகிலா போச்சு.

இருங்க. ஒண்ணுமில்ல. தூசி.

தூக்கிட்டு வரும்போதும் இந்த வண்டியிலதான் வந்துச்சு. தாயையும் புள்ளையையும் இதுலதான் கொண்டுபோவேன்னு சொல்லியிருந்தேன்ல. கொண்டு போனேன்.

சுகாதாரத்துல இருந்து ஆளுங்க வந்து தண்ணி புடிச்சுட்டுப் போனாங்க. சுனைத் தண்ணியில மனுசக் கழிவு கலந்திருக்குன்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், டென்ட் போடுற பசங்களை விடாதீங்க, காட்டை நாறடிக்கிறானுங்கன்னு. ஊர்க்காரங்க அவனுங்களுக்கும் சேத்துத்தான் டீ ஊத்துனாங்க.

துக்கம் கேக்கப் போனேன். சின்னத்தாயி செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. பக்கத்துல மாப்பிள்ளை, மொட்டை போட்டுக்கிட்டு, தலையே நிமிரல. நான் உக்காந்து ஆறுதலா நாலு வார்த்தை சொன்னேன். டென்ட்டுக்காரப் பசங்களைப் பத்திச் சொன்னேன். அவனுங்க மேல போலீஸ்ல எழுதிக் குடுப்போம், நான் சாட்சி சொல்றேன், எந்தெந்தப் புதருக்குப் பின்னாடி ஒதுங்குனானுங்கன்னு காட்டுறேன்னேன். மனசு தாங்காமத்தான் பேசுறேன். அப்ப ஊர் ஆளு ஒருத்தர் வாசல்ல நின்னுக்கிட்டுச் சொன்னாரு, சுனையைக் கழுவலாம்னு தண்ணி வர்ற வழியைப் பாத்துக்கிட்டே கல்லுக்கு மேல ஏறிப் போனோம், அங்க வரிசையா குழி இருக்கு, பன்னி கெளறிப் போட்டிருக்கு, மண்ணெல்லாம் நீலமா இருக்குன்னு. நான் மூடித்தான் வச்சேன் தம்பி. பன்னி கெளறுனதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

சின்னத்தாயி அப்பத்தான் என்னையத் திரும்பிப் பாத்துச்சு. அழுகல. சத்தம் போடல. "அண்ணே, தெனமும் கல்லுக்கிட்ட உங்க செருப்பைப் பாத்தேன்"ன்னுச்சு. அப்புறம், "எம் மகளுக்காகத்தான் போறீங்கன்னு நெனைச்சேன்"ன்னுச்சு.

ஆமாத்தான்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லாம எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

அவ்வளவுதான். சோகத்துல புத்தி கலங்கிப்போச்சு, பாவம். இல்லாட்டி செருப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க? செருப்போட ஏறியிருந்தா அவ கேக்குறதுல ஒரு நியாயம் இருக்கு. நான் கழட்டி வச்சுட்டுத்தானே போனேன். அதைத்தானே அவளே தெனமும் பாத்திருக்கா.

பதினாறாம் நாளுக்குச் சேலை எடுத்துட்டுப் போனேன். பாதையில கல்லுத்தூணு நட்டிருந்தாங்க. வண்டியை நிறுத்தி ஆரன் அடிச்சேன். அங்க இருந்து பாத்தா கடை தெரியும். அடுப்புல பொகை வருது, சின்னத்தாயி கொட்டாய்க்குள்ள நிக்குது. எட்டிப் பாக்கல. திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன் தம்பி. செருப்பால அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். ஊரே கூடி வந்து சண்டை போட்டிருந்தாலும் எனக்குப் பேச நாலு நியாயம் இருக்கு. யாரும் வரல. சேலையைத் தூணு மேல வச்சுட்டு வந்தேன். அடுத்த வாரம் வேற சவாரிக்கு அந்தப் பக்கம் போனப்ப பாத்தேன், மழையில நனைஞ்சு அப்பிடியே கெடக்கு. ஆடுகூடத் தொடல.

எனக்கும் ஒரே ஒரு ஊருதான் இருந்துச்சு, வண்டி சத்தம் கேட்டு டீ போட்டு வைக்க.

அந்தா டீ வந்துருச்சு. வாங்கம்மா, உக்காருங்க. நல்லாருக்கும் போல, இஞ்சி வாசம் இங்கயே அடிக்குது. இது எந்தத் தண்ணி? வண்டியில கொண்டாந்ததா? ஓ, ஓடையில புடிச்சதா.

இல்ல, வேணாம்மா. தப்பா நெனைக்காதீங்க. இப்பெல்லாம் ஓடைத் தண்ணி, சுனைத் தண்ணி எனக்கு வயித்துக்குச் சேர்றதில்ல. வண்டியில கேன் தண்ணி வச்சிருக்கேன், அதைத்தான் குடிக்கிறேன். கொதிக்க வச்சதுன்னாலும் வேணாம். டாக்டர்கிட்ட எல்லாம் காட்டல, அந்த மழைக்கு அப்புறம் அப்பிடி ஆயிருச்சு. நீங்க குடிங்க. ஆறிரும்.

வெறகுக்காரங்க எறங்கிட்டாங்க பாருங்க. இனிமே மேல யாரும் இருக்க மாட்டாங்க. வாங்க தம்பி, பெட்டியைத் தூக்குங்க, மம்பட்டி நான் எடுத்துக்கிறேன். அந்தப் பாதையிலயே போயி, ஓடைக்கு மேல இன்னும் கொஞ்சம் ஏறுனா நல்ல மண்ணு, தோண்ட லேசா இருக்கும். இங்க மஞ்சப் பூசுன கல்லெல்லாம் கெடையாது. ஆனாலும் மேல ஏறும்போது நான் கழட்டிட்டுத்தான் ஏறுறது. பழகிப்போச்சு.

என்ன தம்பி, பெட்டியை வண்டிக்குள்ள வைக்கிறீங்க? ஏம்மா, நீங்க எதுக்கு டீயைக் கீழ கொட்டுறீங்க? நல்ல டீ. கீழ வரைக்குமா கொண்டுபோகப் போறீங்க இதை? பங்க்ல விட மாட்டான். மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசுவான். நான் அனுபவிச்சுட்டுச் சொல்றேன்ல.

எதுக்கு அப்பிடி என் காலைப் பாக்குறீங்க?

செருப்பா? அந்தா, அந்தப் பாதை ஏறுற எடத்துல கெடக்கு பாருங்க, என்னோடதுதான். வெள்ளன மேல போனப்ப விட்டது, எறங்கும்போது மறந்துட்டேன்.

கழட்டிட்டுத்தான் தம்பி போனேன்.